பால் வற்றிய பின்னும் பயன் தரும் மரம்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நிரைக்குச் சென்று, பால் சேர்த்து, உழைத்துக் களைத்த உடலோடு இந்த மாலை வேளையில் இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்கும் உரிமை எமக்கு இல்லை. ஆகவே நேரே பொருளுக்கு வருகிறோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ரப்பர்ப் பாலைப் பற்றி அன்று. பாலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எமக்குத் தகுதியில்லை. அதில் நீங்களே ஆசிரியர்கள். நாம் பேச வந்தது, பால் தந்து முடித்த மரத்தைப் பற்றி. அந்த மரத்தைப் பலகையாக்கிப் பயன்படுத்துவதில் நுண்ணலை வெப்பம், அதாவது மைக்ரோவேவ் வெப்பம், என்ன செய்ய வல்லது, என்ன செய்ய இயலாது என்பதைப் பற்றி.

பால்வெட்டுத் தொழிலின் முதற்பாடம் என்ன? கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். காயம் பட்டால் கங்காணியாரின் ஏச்சு. பால் ஊறுவது பட்டையில். உள்ளே இருக்கும் மரம் நமக்குத் தேவையற்றது. இப்படியே இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஒரே மரத்தைத் தினமும் தொட்டுப் பழகியும், அதன் உள்ளுடலை நாம் பார்ப்பதில்லை. மறுநடவுக்காக மரத்தைச் சாய்க்கும் நாளில்தான் அதன் வெளிர்மஞ்சள் நிறம் கண்ணில் படுகிறது. அன்றைக்கும், “இனி இதில் என்ன இருக்கிறது?” என்று திரும்பி நடந்துவிடுகிறோம்.

இருக்கிறது, தோழர்களே. அதைச் சொல்லவே இன்று வந்தோம்.

விறகாய் எரிந்த காலம்

1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு, 1877-இல், 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 நாற்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கிருந்து தொடங்கிய வரலாறு நம் பாட்டன்மார்களின் வியர்வையால் எழுதப்பட்டது. அதை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்த மரத்தின் உடலுக்கு மதிப்பே இல்லை. புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடுகளை உலர்த்த அதுவே விறகு. செங்கல் சூளைக்கும் அதுவே விறகு. 1960-களில் பிறையில் எழுந்த மலாயாவாத்தா உருக்காலை, இரும்பை உருக்க ரப்பர் மரக்கரியைப் பயன்படுத்தியது. இவற்றிற்கும் போகாதது காட்டிலேயே மக்கியது அல்லது குவித்து எரிக்கப்பட்டது.

ஏன் அதைப் பலகையாக அறுக்கவில்லை? அதற்குக் காரணம் உண்டு. இதோ, நம் கையில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். ஒன்று பளிச்சென்று வெளிர்மஞ்சளாக இருக்கிறது. மற்றொன்றில் மை கொட்டியது போல் நீலக்கறுப்புக் கறை ஓடியிருக்கிறது; ஊசி முனையால் குத்தியது போன்ற சிறு துளைகளும் உண்டு. இரண்டும் ரப்பர் மரமே. முதல் துண்டு, வெட்டியவுடன் ஆலைக்குச் சென்று முறையாகப் பதம் செய்யப்பட்டது. இரண்டாவது, வெட்டிய இடத்திலேயே மழையிலும் வெயிலிலும் கிடந்தது.

ரப்பர் மரம் தன் உடலில் மாவுச்சத்தை மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. மாவு இருக்கும் இடத்தில் எறும்பு வராமல் இருக்குமா? அதுபோல் ஈரமரத்தில் நீலக்கறைப் பூஞ்சை ஏறுகிறது. உலர்ந்த மரத்தில் துளைவண்டு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு மாவுச்சத்தைத் தேடி மரத்தை உள்ளுக்குள்ளேயே அரைத்துப் பொடியாக்குகிறது. நம் வீடுகளில், “மரம் உளுத்துக் கொட்டுகிறது” என்று சொல்கிறோமே, அது இந்த வண்டின் வேலைதான்.

1970-களின் இறுதியிலும் 1980-களிலும் இந்நிலை மாறியது. அறுத்த பலகைகளை இரும்பு உருளைத் தொட்டியில் அடுக்கி, காற்றை உறிஞ்சி நீக்கி, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த மருந்து நீரை அழுத்தத்தோடு செலுத்தி, பிறகு வெப்ப அறையில் உலர்த்தும் முறை பரவியது. கெப்போங்கில் 1929-இல் அமைந்த வன ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் இதற்குத் துணை நின்றன. விறகாய் எரிந்த மரம் மேசையாயிற்று, கட்டிலாயிற்று, கடல் கடந்து சென்றது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரம் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. உள்நாட்டு ஆலைகளுக்கு மரம் போதாமற் போகவே, 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் முதல் ரப்பர்ப் பலகையை அறுத்த நிலையில் ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஒரு காலத்தில் எவரும் வேண்டாத மரம், இன்று நாட்டிற்குள்ளேயே போற்றிக் காக்கப்படும் மரம்!

நீரை வெளியேற்றும் கலை

பலகைத் தொழிலின் பெரும்பகுதி நீரை வெளியேற்றும் தொழிலே. புதிதாக அறுத்த ரப்பர்ப் பலகையில், வறண்ட மரப்பொருள் 100 கிலோ இருந்தால் அதனோடு 60 கிலோ அல்லது அதற்கும் மேற்பட்ட நீர் இருக்கும். தளவாடம் செய்ய அந்த நீர் 8 முதல் 12 கிலோ அளவுக்குக் குறைய வேண்டும்.

மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. ஒன்று, மரத்தின் நுண்குழாய்களுக்குள். இது மங்கில் உள்ள பாலைப் போன்றது, ஊற்றினால் போய்விடும். மற்றொன்று, குழாய்ச் சுவர்களுக்குள் ஊறிய நீர். இது மங்கின் உட்புறத்தில் ஒட்டிய பாலைப் போன்றது, எளிதில் விடாது. முதல் வகை நீர் போகும்வரை மரம் சுருங்குவதில்லை. இரண்டாம் வகை நீர் போகத் தொடங்கும்போது மரம் சுருங்குகிறது. வெளிப்புறம் உலர்ந்து சுருங்கி, உட்புறம் ஈரமாகவே இருந்தால் என்ன நேரும்? பலகை வெடிக்கும், அல்லது கோணும்.

அதனால்தான் ஆலைகளில் பலகையை அவசரப்படுத்துவதில்லை. வெப்ப அறையில் சூடான காற்று முதலில் பலகையின் மேற்பரப்பைத் தொடுகிறது. பிறகே வெப்பம் மெல்ல மெல்ல உள்ளே செல்கிறது. நீர் மெல்ல மெல்ல வெளியே வருகிறது. தடிப்புக்குத் தக்கபடி ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகிறது. அத்தனை நாளும் அறைக்கு நெருப்பு வேண்டும், காவலும் வேண்டும்.

இங்கேதான் அறிவியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: வெப்பத்தை வெளியிலிருந்து உள்ளே அனுப்புவதற்குப் பதிலாக, மரத்தின் உள்ளேயே உண்டாக்கினால் என்ன?

நுண்ணலை எப்படிச் சூடாக்குகிறது?

பலர் வீட்டில் இப்போது மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. நெருப்பில்லை, தணலில்லை, ஆனால் நேற்றைய குழம்பு இரண்டு நிமிடத்தில் கொதிக்கிறது. இந்த அடுப்பு பிறந்த கதை சுவையானது. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராடார் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் பெர்சி ஸ்பென்சர் என்னும் பொறியாளர் பணியாற்றினார். இயங்கிக்கொண்டிருந்த கருவியின் அருகில் அவர் நின்றபோது, சட்டைப்பையிலிருந்த இனிப்புக் கட்டி உருகிப்போயிற்று. மற்றவர் சட்டையைத் துடைத்திருப்பார். அவர் காரணத்தைத் தேடினார். 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரம் இருந்தது. எடை ஏறத்தாழ 340 கிலோ!

நுண்ணலை என்பது வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. வீட்டு அடுப்பில் அது ஒரு விநாடிக்கு 245 கோடி முறை திசை மாறி அதிர்கிறது. நீரின் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு முனையில் நேர்மின் தன்மை, மறுமுனையில் எதிர்மின் தன்மை உண்டு. அலை திசை மாறும்போதெல்லாம் நீர்த்துகளும் அதனோடு திரும்ப முயல்கிறது. கூட்ட நெரிசலில் எல்லாரும் ஒரே நேரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பினால் எப்படி உரசிக்கொள்வோம்! அந்த உரசலே வெப்பமாகிறது.

இதில் மரத்திற்கு ஏற்ற ஒரு தன்மை இருக்கிறது. ஈரம் மிகுந்த இடம் அலையை மிகுதியாக ஏற்கிறது. உலர்ந்த இடம் குறைவாக ஏற்கிறது. அதாவது, எங்கே வெப்பம் தேவையோ அங்கேதான் வெப்பம் பிறக்கிறது. உள்ளே உண்டாகும் நீராவி, நீரைத் தானே வெளியே தள்ளுகிறது. நாட்கணக்கில் ஆகும் வேலை மணிக்கணக்கில் முடிகிறது. தாய்லாந்து ஆய்வாளர்கள் ரப்பர்ப் பலகையையே நுண்ணலையால் உலர்த்திச் சோதித்திருக்கிறார்கள்.

முன்பொரு கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, “ஐயா, அந்த அலை மரத்திலேயே தங்கிவிடாதா? அந்த மேசையில் பிள்ளைகள் சாப்பிடலாமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் தங்குகிறதா? இல்லை. அதுபோல் கருவியை நிறுத்தியவுடன் அலையும் போய்விடுகிறது. எஞ்சுவது சூடு மட்டுமே, அதுவும் ஆறிவிடும். அணுக்கதிர் போல் எதுவும் பொருளில் ஒட்டிக்கொள்வதில்லை. ஆகவே தாராளமாகச் சாப்பிடலாம்.

நுண்ணலை செய்யும் மூன்று வேலைகள்

உலர்த்துவது முதல் வேலை. அதைச் சொல்லிவிட்டோம்.

இரண்டாவது வேலை, மரத்திற்குள் இருக்கும் உயிர்களைக் கொல்வது. நாடு விட்டு நாடு செல்லும் சரக்குகளை வைக்கும் மரப்பெட்டிகளிலும் மரத்தட்டுகளிலும் புழு பூச்சிகள் ஒளிந்து சென்று பிற நாட்டுக் காடுகளை அழித்துவிடக் கூடாது என்பதற்காக அனைத்துலக விதியொன்று இருக்கிறது. பழைய முறைப்படி, மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை வெப்பம் 30 நிமிடம் இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டில் நுண்ணலை முதலிய முறைகளும் ஏற்கப்பட்டன. இம்முறையில் மரம் முழுவதும் 60 பாகை வெப்பம் இடைவிடாமல் ஒரு நிமிடம் இருந்தால் போதும். அப்படிப் பதம் செய்த மரத்தில் முத்திரை குத்தி அனுப்புகிறார்கள்.

மூன்றாவது வேலை, மரத்தின் தன்மையையே மாற்றுவது. மரத்தின் உள்ளமைப்பை ஒரு தோட்டத்தோடு ஒப்பிடலாம். வேரிலிருந்து உச்சிவரை செல்லும் குழாய்கள் நிரைகளைப் போன்றவை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் குறுக்கே செல்லும் மெல்லிய திசுக்கள் நிரைகளுக்கு இடையே குறுக்காகச் செல்லும் நடைபாதைகளைப் போன்றவை. இந்தக் குறுக்குத் திசுக்களின் சுவர்கள் மெலிந்தவை. ஈரமரத்தில் மிக வலுவான நுண்ணலையைச் சில நொடிகளில் பாய்ச்சினால், உள்ளே நீராவியின் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. சோளப்பொரி வெடிப்பதும் இப்படித்தான். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வழி தேடுகிறது. மரத்தில் மெலிந்த குறுக்குச் சுவர்கள் உடைந்து, எண்ணற்ற நுண்வழிகள் திறக்கின்றன. பிறகு அந்த மரம் மருந்தையும் பசையையும் பஞ்சு போல் உறிஞ்சும்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் விண்டன், கிரிகரி தோர்கோவ்னிகோவ் ஆகிய இருவரும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள். துளைகள் திறந்த மரத்திற்கும், அதில் பிசினை ஊட்டி உறுதியாக்கிய மரத்திற்கும் தங்கள் பெயர்களையே முன்பின்னாக இணைத்து, தோர்க்வின் என்றும் வின்தோர்க் என்றும் பெயரிட்டார்கள். மருந்தை ஏற்காத கடினமான மரங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் விலையும் உண்டு: வழிகள் திறக்கத் திறக்க மரத்தின் வலிமை குறையும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டும். ரப்பர் மரமோ இயல்பாகவே மருந்தை எளிதில் ஏற்கும் மரம். ஆகவே இந்த மூன்றாவது வேலை, நம் மரத்தைவிடப் பிற மரங்களுக்கே மிகுதியாகப் பயன்படும்.

இவற்றோடு வளைக்கும் வேலையும் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்தால், மரத்தின் நார்களைப் பிணைத்து நிறுத்தும் பொருள் இளகுகிறது. தோனெட் என்பார் 1859-இல் நீராவியால் மரத்தை வளைத்துச் செய்த நாற்காலி உலகப் புகழ் பெற்றது. நீராவி செய்த அதே வேலையை நுண்ணலையால் விரைவாகச் செய்யலாம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களில் காட்டினார்கள்.

எல்லா ஆலைகளிலும் ஏன் இல்லை?

“இவ்வளவு சிறப்பென்றால், எல்லா ஆலைகளும் இதையே வைத்துக்கொள்ளலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசிரியராய் இருந்த பழக்கம் எம்மை விடவில்லை.

100 கிலோ வறண்ட மரப்பொருளோடு 60 கிலோ நீர் இருக்கிறது. அதில் 50 கிலோவை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 0.63 யூனிட் மின்சாரத்தின் ஆற்றல் தேவை. 50 கிலோவுக்கு 31 யூனிட்டுக்கு மேல். மரத்தைச் சூடாக்கும் செலவு தனி. மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றும்போது ஏற்படும் இழப்பும் தனி. ஆனால் வழக்கமான வெப்ப அறைக்கு நெருப்பு எங்கிருந்து வருகிறது? ஆலையிலேயே மிஞ்சும் மரத்தூளும் கழிவுத் துண்டுகளும் கொதிகலனில் எரிகின்றன. கையிலிருக்கும் கழிவை எரிப்பதா, காசு கொடுத்து மின்சாரம் வாங்குவதா? பெரும்பாலான ஆலை முதலாளிகள் எதைத் தேர்வார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, ஈரத்தின் பெரும்பகுதியைச் சூடான காற்றால் போக்கிவிட்டு, பிடிவாதமாக நிற்கும் கடைசி ஈரத்திற்கு மட்டும் நுண்ணலையைப் பயன்படுத்துவது போன்ற கலப்பு முறைகளையும் ஆராய்கிறார்கள்.

மற்றொரு இடையூறும் உண்டு. நுண்ணலை வேகமானது, வேகத்திற்குக் கண் வேண்டும். இதை நாம் பட்டே அறிந்தோம். ஈரமான ரப்பர் மரத்துண்டு ஒன்றை வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் பேராசை எமக்கு ஒரு நாள் வந்தது. மரத்தின் மேற்பரப்பு தொடும் சூட்டில்தான் இருந்தது. “இன்னும் சற்று” என்று நேரத்தைக் கூட்டினோம். புகை வந்தது. வெளியே எடுத்துப் பிளந்து பார்த்தால், வெளிப்புறம் பழுதில்லை. நடுவில் கருகிய கரி! வீட்டில் எமக்குக் கிடைத்த ஏச்சு, கங்காணியாரின் ஏச்சுக்குச் சற்றும் குறைந்ததன்று. தோழர்களே, அந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். அது தீயில் முடியும். ஆலைக் கருவிகளில் அலையின் வலிமையையும் மரத்தின் வெப்பத்தையும் ஓயாமல் அளந்துகொண்டே இருப்பார்கள். பயிற்சி பெற்றவர் அருகில் இருப்பார்.

கொல்லும், காவல் காக்காது

இப்போது, இந்த உரையில் எதை மறந்தாலும் மறக்கக்கூடாத செய்திக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எம் மூத்த மகளின் திருமணத்திற்கு ஒரு கட்டில் வாங்கினோம். கடையின் பெயர் வேண்டாம். “நன்றாகச் சூடேற்றிப் பதம் செய்த மரம் ஐயா, பூச்சியே வராது” என்றார் கடைக்காரர். நம்பினோம். எட்டாம் மாதம், கட்டிற்காலின் அடியில் கோதுமை மாவு போன்ற பொடி கொட்டியது. மகள் கூட்டிப் பெருக்கினாள். மறுநாள் காலையில் மீண்டும் கொட்டியிருந்தது. இரண்டாம் ஆண்டில் ஓர் இரவு கால் முறிந்தது. நல்வேளை, எவருக்கும் அடிபடவில்லை. முறிந்த காலைக் கையிலெடுத்தபோது அது மரமாகவே இல்லை. மேலே மெல்லிய தோல், உள்ளே வெறும் மாவு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது. நீங்களும் அப்படித்தான் வாங்குகிறீர்கள்.

அக்கடைக்காரர் பொய் சொன்னாரா? சூடேற்றியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சூடு, அது காற்றாலே வந்தாலும் நுண்ணலையாலே வந்தாலும், அன்றைக்கு மரத்தில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். நாளை பறந்து வரும் வண்டை அது தடுக்காது. ஏனெனில், வண்டு தேடி வரும் மாவுச்சத்து மரத்தில் அப்படியே இருக்கிறது. காவலுக்கு நிற்பது மருந்து. வெப்பம் கொல்லும், காவல் காக்காது. இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்துக்கும் எல்லை உண்டு. போரிக் மருந்து நீரில் கரைவது. வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கும் கட்டிலுக்கும் அது போதும். அதே பலகையை மழையில் நனையும் வேலிக்கோ ஆட்டுக்கொட்டகைக்கோ வைத்தால், மழைநீர் மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

நமக்கு இதில் என்ன பங்கு?

இவை யாவும் ஆலை முதலாளிகளுக்குரிய செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். நமக்கும் பங்குண்டு.

முதலாவது, உங்களுள் சிலருக்குச் சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் ரப்பர் நிலம் இருக்கிறது. அல்லது உறவினருக்கு இருக்கிறது. பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, ஆளைப் பிடித்து முதலில் மரத்தைச் சாய்ப்பது, பிறகு வாங்குவோரைத் தேடுவது என்பது நம் வழக்கம். இதை மாற்ற வேண்டும். முதலில் வாங்குவோரிடம் பேசுங்கள். விலையை எழுத்தில் பெறுங்கள். லாரி வரும் நாளை உறுதி செய்துகொண்டு பிறகு மரத்தைச் சாயுங்கள். வெட்டிய சில நாட்களுக்குள் ஆலைக்குப் போகாத மரத்தில் நீலக்கறை ஏறும். கறை ஏறிய மரத்திற்குப் பலகை விலை கிடைக்காது, விறகு விலைதான். உலகத்தின் எந்த நுண்ணலைக் கருவியும் ஏறிய கறையை அழிக்க முடியாது. இருபத்தைந்து ஆண்டு வளர்ந்த மரத்தின் மதிப்பு, சாய்த்த பின் வரும் அந்தச் சில நாட்களில்தான் தீர்மானமாகிறது. மறுநடவு உதவிகள் பற்றிச் சிறுதோட்டக்காரர்கள் ரிஸ்டா அலுவலகத்தில் கேட்டறியலாம்.

பால்வெட்டும்போதே இதற்கான கவனம் தொடங்குகிறது. கத்தி ஆழப் பதிந்து காயம்பட்ட அடிமரத்தில் கறையும் புடைப்பும் நிற்கும். அறுக்கும்போது அப்பகுதி கழிவாகப் போகும். பட்டையைக் காக்கும் கை, பலகையையும் காக்கிறது.

இரண்டாவது, தளவாடம் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். மரம் உலர்த்தப்பட்டதா? மருந்து அழுத்தத்தோடு செலுத்தப்பட்டதா, அல்லது மேலே பூசியதுதானா? பூச்சி வந்தால் மாற்றித் தருவதாக ரசீதில் எழுதித் தருவீர்களா? “மைக்ரோவேவில் பதம் செய்தது” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் மகிழ்ச்சி. ஆனால் இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வாங்கிய பின்னும் மாதம் ஒரு முறை கால்களின் அடியிலும் பலகையின் பின்புறத்திலும் பொடி கொட்டுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, நம் பிள்ளைகள். தோட்டத்தில் பிறந்த பிள்ளை தோட்டத்திலேயே வெட்டுக்கத்தி பிடிக்க வேண்டும் என்னும் விதி இல்லை. மரத்தை உலர்த்துவது, ஈரத்தை அளப்பது, மருந்தின் அளவைக் கணக்கிடுவது, கருவிகளை இயக்குவது ஆகிய அனைத்தும் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில்கள். அவற்றிற்குக் கணக்கும் அறிவியலும் வேண்டும். பள்ளியில் கணக்குப் பாடத்தில் பிள்ளை பின்தங்கினால், “நமக்கு வராதது அவனுக்கா வரப்போகிறது” என்று சொல்லாதீர்கள்.

அத்தகைய ஆலைக்குச் செல்லும் பிள்ளைக்கு ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்புங்கள். நுண்ணலைக் கருவியின் கதவு திறந்தால் அலை தானே நின்றுவிடும்படி ஒரு பூட்டு அமைத்திருப்பார்கள். வேலை விரைவாக முடியும் என்று எவரேனும் அந்தப் பூட்டைக் கட்டிப்போடச் சொன்னால் இணங்கக்கூடாது. கசியும் அலை உடலுக்குள்ளும் சூட்டை உண்டாக்கும். கண்ணின் வில்லை அந்தச் சூட்டைத் தாங்காது. பலகையில் ஆணியோ கம்பியோ இருந்தால் தீப்பொறி பறக்கும். இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் அங்கே வேலைக்கு நிற்கக்கூடாது.

தாய்மார்களே, தோழர்களே! ஒரு மரம் முப்பது ஆண்டு பால் தந்து, பிறகு கட்டிலாகவும் மேசையாகவும் இன்னொரு முப்பது ஆண்டு வாழ முடியும். அது நிகழ்வதும் நிகழாததும் அறிவியலால் மட்டும் முடிவாவதன்று. மரத்தைக் காயமின்றி வெட்டும் கை, காலத்தில் ஆலைக்கு அனுப்பும் கை, ஏமாறாமல் கேட்டு வாங்கும் வாய் ஆகிய இவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அவை உங்களுடையவை.

அந்த இரண்டு மரத்துண்டுகளும் பின்வரிசைவரை சென்று திரும்பிவிட்டன. நல்ல துண்டை உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துச் செல்கிறோம், மாணவர்கள் பார்க்கட்டும். கறைபட்ட துண்டையும் கொடுத்தே செல்கிறோம். அதையும் பார்க்கட்டும்.